உள்வாங்கிய மோவாயைச் சரிசெய்ய இம்பிளான்ட் வைப்பது நல்லதா, எலும்பை வெட்டி நகர்த்துவது நல்லதா?

கேட்டவர் தன்னைப் பக்கவாட்டில் எத்தனை செல்ஃபி எடுத்து அழித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆணாக இருந்தால் தாடியும் வளர்த்துப் பார்த்திருப்பீர்கள். நான் பதினோரு வருஷம் தாடிக்குள்ளேயே குடியிருந்தவன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் கிளிமூக்கன். மூக்கில் ஒரு குறையும் இல்லை. கீழே தாவாக்கட்டை இல்லாததால் மூக்கு நீளமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். "கடவுள் கொடுத்த முகத்தை வெட்டலாமா" என்று பின்னூட்டத்தில் பாடம் நடத்த வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் சித்தி, "மாப்பிள்ளை தாடி இல்லாம எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்கா?" என்று சபையில் கேட்டார். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் பேசுங்கள்.

நான் முதலில் போனது விளம்பரம் பார்த்து, ஒரு அழகு சிகிச்சை நிலையத்துக்கு. ஐந்து நிமிஷம்தான் பார்த்தார்கள். மோவாயை உப்ப வைக்கிற ஃபில்லர் ஊசி கொஞ்ச காலத்தில் கரைந்துவிடும், எலும்பு மேலே உட்காருகிற சிலிகான் துண்டை, அதாவது இம்பிளான்ட்டை, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முன்பணம் கட்டிவிட்டேன். அதே வாரம் கடைவாய்ப் பல் வலி. அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனால், அங்கே முதுகலை படிக்கிற ஒரு பெண் பார்த்துவிட்டு, "சார், சின்ன வயசுல கம்பி போட்டீங்களா? மேல ரெண்டு பல்லு எடுத்திருக்காங்களே" என்றார். அந்த அழகு நிலையத்தில் என்னை வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. தாடை சரியான இடத்தில் இருந்து, நுனி எலும்பு மட்டும் வளராமல் போயிருக்கலாம். இல்லையென்றால் கீழ்த்தாடை மொத்தமாகவே பின்தங்கியிருக்கலாம். இரண்டாவது ரகத்தில் மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டித் துருத்தும். நான் இரண்டாவது ரகம். 13 வயதில் மேலே இரண்டு பல்லைப் பிடுங்கி, முன்பற்களை உள்ளே இழுத்துவிட்டார்கள். பல் வரிசை அழகானது. தாடை இருந்த இடத்திலேயே இருந்தது.

பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முகத்தாடை அறுவை டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கடைவாய்ப் பக்கம் இரண்டு புறமும் தாடையைப் பிளந்து பல்லோடு சேர்த்து முன்னே கொண்டுவருவது. முறையான தீர்வு இதுதான். ஆனால் மறுபடி கம்பி போட்டு, பல் பிடுங்கிய இடத்தில் திரும்ப இடைவெளி உண்டாக்க வேண்டும்; மொத்தம் இரண்டு வருஷம். இன்னொன்று ஜீனியோபிளாஸ்டி. கீழுதட்டின் உள்பக்கம் கீறி, பல் வேர்களுக்குக் கீழே எலும்பைக் குறுக்கே அறுத்து, மேஜை டிராயரை இழுப்பதுபோல முன்னே இழுத்து, டைட்டானியம் பிளேட்டும் ஸ்குரூவும் போட்டு நிறுத்துவது. வெளியே தழும்பு தெரியாது. நான் இதைத்தான் செய்துகொண்டேன், 7 மில்லிமீட்டர். முன்பணம் திரும்ப வரவில்லை. இன்சூரன்ஸும் "அழகுக்கான சிகிச்சை" என்று கைவிரித்துவிட்டது.

இம்பிளான்ட் வைத்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தி, குறையும் சின்னதாக இருந்தால் அதுவே போதும், பிடிக்காவிட்டால் எடுத்தும் விடலாம். சீழ் பிடிக்கலாம், நகரலாம், அடியில் இருக்கிற எலும்பைக் கொஞ்சம் அரிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொண்டு வையுங்கள். மோவாய் கோணலாகவோ உயரம் குறைந்தோ இருந்தால் எலும்பை வெட்டுவதுதான் கைகொடுக்கும். வயது 18 ஆகவில்லையென்றால் பொறுங்கள், தாடை வளர்ந்து முடியட்டும். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறவர் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பின்தங்கிய தாடைக்கும் மூச்சு அடைப்புக்கும் தொடர்பு உண்டு. ஆபரேஷனையே அது மாற்றலாம்.

யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று, மரத்துப்போவது. கீழுதட்டுக்குப் போகிற நரம்பு அறுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது. முதல் மூன்று மாதம் ஷேவிங் செய்தால் யாரோ ஒருவர் முகத்தை மழிப்பதுபோல இருந்தது. பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடது பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் உணர்ச்சி இல்லை. தயிர்சாதம் சாப்பிடும்போது அங்கே பருக்கை ஒட்டியிருந்தால் எனக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மனைவி தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவாள், நான் துடைத்துக்கொள்வேன். (அந்தச் சித்தியின் அக்கா மகள் இல்லை, வேறு இடம்.)

ஆபரேஷனைவிட என்னை அதிகம் படுத்தியது எங்கள் ஆபீஸ் வருகைப்பதிவு மெஷின். முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். பன்னிரண்டாம் நாள் வீக்கத்தோடு போய் நின்றேன், "பதிவில் இல்லாத நபர்" என்றது. செக்யூரிட்டி அண்ணன் தினமும் என்னை உள்ளே விட்டார், நானும் வேலை பார்த்தேன். மாதக் கடைசியில் மூன்று நாள் ஆப்சென்ட். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய போட்டோ, புதுப் போட்டோ எல்லாம் கொடுத்தும் எச்ஆர் அம்மா, "சிஸ்டத்துல நீங்க வரலையே சார்" என்றார். நாலு வருஷம் ஆகிறது, அந்தச் சம்பளம் இன்னும் வரவில்லை.