எட்டு மணித் தலைவலி

மதிப்புக்குரிய ஐயா,

எனக்கு 58 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். என் மகளுக்கு 31 முடியப் போகிறது, இன்னும் கல்யாணம் கூடிவரவில்லை. ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன். சபைக்குக் கொடுக்கிற தசமபாகம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இந்தப் புத்தாண்டு ஆராதனையில் என் கைக்கு வந்த, பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையில் ‘என் பாத்திரம் நிரம்பி வழிகிறது’ என்று இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன், இந்த வருஷம் கல்யாணம் முடிந்துவிடும் என்று நம்பினேன். ஜூனில் நிச்சயம் வரை வந்த இடமும் தட்டிப்போனது.

நர்ஸ் பெண், நைட் ஷிப்ட் பார்க்கிறாள் என்று இரண்டு இடம் போனது. என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தபோது சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள், அதனால் ஒரு சென்னை சம்பந்தம் போனது. என் தங்கை உபவாசமும் இருப்பதில்லை, கோவிலுக்கும் ஒழுங்காக வருவதில்லை. அவள் மகளுக்கு 24 வயதிலேயே முடிந்து, பேரனுக்கு ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. கோவில் அசன விருந்துக்குப் போனால்கூட எல்லாரும் என்னிடம் இதையேதான் விசாரிக்கிறார்கள். பெண்கள் கூட்டத்தில் இதற்காக ஜெபிக்கச் சொல்லி வாராவாரம் ஜெபக்குறிப்பு கொடுக்கிறேன். என் மகளும் முன்போலக் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை, எட்டு மணி ஆனாலே தலைவலி என்று போய்ப் படுத்துக்கொள்கிறாள், அது வேறு. எல்லாருக்கும் நிறைவாகக் கொடுக்கிற தேவன் எனக்கு மட்டும் ஏன் குறைவு வைக்கிறார்? ஐந்து வருஷம், ஐயா. ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை.

- ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

ஐந்து வருஷத்து வெள்ளிக்கிழமைகள் லேசான காரியம் அல்ல. தேவன் ஏன் இன்னும் தரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. உங்கள் தங்கையின் கணக்கையும் விட்டுவிடுவோம். ‘அது வேறு’ என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன அந்த எட்டு மணித் தலைவலியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

குடும்ப ஜெபம் என்றால் வாய்விட்டுத்தானே ஜெபிப்பீர்கள்? நீங்கள் அழுதுகொண்டு தேவனிடம் பேசுகிறீர்கள். பக்கத்தில் முழங்காலில் இருக்கும் மகளுக்கு, இந்த வீட்டின் குறைவே நீதான் என்று அது கேட்கிறது. சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் எதிர்த்து ஏதாவது பேசியிருப்பாள். ஜெபத்துக்கு யார் மறுபேச்சு பேச முடியும்? ஆமென் சொல்லத்தான் வேண்டும். அது பொய்த் தலைவலி என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே வலிக்கலாம்.

பைபிளில் பிள்ளையில்லாமல் அழுத அன்னாளை உங்களுக்குத் தெரியும். சீலோ ஆலயத்தில் அவள் ஜெபித்தபோது உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலியே நினைத்துவிட்டார். அந்த அழுகை அவளுக்கும் தேவனுக்கும் நடுவிலேயே இருந்தது. அப்புறம் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அவள் முகத்தில் துக்கம் இல்லை. பின்னால் பிறந்த அவள் மகன் சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை. பத்து பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று அவள் கணவர் எல்க்கானா அவளிடம் கேட்டாரே, அதையேதான் உங்கள் மகளும் கேட்கிறாள் என்று எனக்குப் படுகிறது. வாய்விட்டுக் கேட்க முடியாமல் தலைவலி என்கிறாள்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். அப்பாவுக்காக அவள் வேலையை விட்டு வந்ததை, சம்பந்தம் தட்டிப்போன காரணங்களோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இது தவறு அம்மா. பக்கவாதம் வந்தவரைப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கத் தெரிந்த ஒருத்தி, கூப்பிடாமலே வந்து நிற்பது எத்தனை வீடுகளுக்குக் கிடைக்கும்? அட்டையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ‘வழியும்’ என்று இல்லை, ‘வழிகிறது’ என்று இருக்கிறது. அது வரப்போகும் மாப்பிள்ளையைப் பற்றியது என்று முடிவு செய்தது நீங்கள்தான்.

மகளின் கல்யாணத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அன்னாளைப்போல, எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் அவளுக்கு இப்போது கல்யாணம் வேண்டுமா என்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அது தெரியும்வரை ஜெபக்குறிப்பை நிறுத்திவையுங்கள். அவளிடம் கேட்டு, சரி என்றால் மறுபடி கொடுக்கலாம். எட்டு மணிக்கு வந்து உட்கார் என்று அழைக்கவும் வேண்டாம்.

அடுத்த முறை அவள் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வரும்போது, காபி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். ராத்திரி வார்டு எப்படி இருந்தது என்று கேளுங்கள். சொல்லி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, வேறு எந்தப் பேச்சும் எடுக்காமல் அவளைத் தூங்க விடுங்கள்.