குடியிருப்புச் சங்கம் கூட்டுத் தோட்டம் போடுகிறது. வசந்த காலத்தில் தன்னார்வலராகப் போனால் என்ன வேலை இருக்கும்?

கேட்டவர் திருப்பூரில் புதிதாகக் குடிவந்தவர். சங்கத்துப் பூங்கா இடத்தில் காய்கறி போடப் போகிறார்களாம், ‘வசந்த காலப் பணிகளுக்குத் தன்னார்வலர்கள் தேவை’ என்று லிஃப்டில் ஒட்டியிருக்கிறார்களாம். செடி வளர்த்துப் பழக்கமே இல்லை, போகலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகப் போங்கள். நடவு நாளுக்குப் போக முடியாவிட்டால்கூடப் பரவாயில்லை, சித்திரையில் தண்ணீர் விடும் முறைக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். துடியலூர்ப் பக்கம் எங்கள் மனைப்பிரிவில் முதல் நடவுக்கு 40 பேர் வந்தார்கள். தொப்பி, செல்ஃபி, ஆளுக்கொரு வடை, டீ. சித்திரை பிறந்தபோது பூவாளி தூக்கியவர்கள் நாலே பேர். அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்று பெருமை பேசலாம்தான். ஆனால் நான் தண்ணீர் ஊற்றியது செய்த தப்பை ஈடுகட்ட. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன் அந்த வசந்தம். நம் பழைய பெரும்பொழுதுக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கொங்கு நாட்டில் சித்திரை மத்தியானம் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்றவருக்கு அது எப்பேர்ப்பட்ட இளவேனில் என்று தெரியும். உங்கள் சங்கம் சொல்வது மாசி, பங்குனியாகத்தான் இருக்கும். வேம்பும் புங்கனும் இலை கொட்டித் துளிர்க்கும், மாரியம்மன் கோயில்களில் கம்பம் நடுவார்கள், அந்தச் சமயம்.

அப்போது இருக்கும் வேலையில் பாதி, செடியைத் தொடாத வேலை. இடத்தைச் சுத்தம் செய்யவே எங்களுக்கு மூன்று ஞாயிறு போனது. மண்ணுக்கு மேலே செங்கல் துண்டு, டைல்ஸ் உடைசல், சிமெண்டுச் சாக்கு, மண்ணுக்குள்ளேயும் அதேதான். பார்த்தீனியம் இருந்தால் பூப்பதற்கு முன்னால் பிடுங்க வேண்டும், வெறுங்கையால் தொடாதீர்கள், சிலருக்கு அரித்துத் தடித்துவிடும். அப்புறம் சருகு. இதை யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. மாசியில் தெருவெல்லாம் வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் குவிந்து கிடக்கும், கூட்டித் தீ வைத்துவிடுவார்கள். அதைச் சாக்கில் அள்ளிவந்து பாத்தியில் நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் கோடைக்குத் தண்ணீர்ச் செலவு கணிசமாகக் குறையும். செடி பெயர் ஒன்றுகூடத் தெரியாதவரும் செய்யக்கூடிய வேலை இது. உங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு இருக்கும் என்று நினைக்கிறேன். பனியன் கம்பெனி ஆபீஸ் என்றால் அதுவும் சந்தேகம். அப்படியானால் இதையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இடம் யாருடையது என்று விசாரியுங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீத இடத்தைப் பூங்காவுக்கென ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். கோவையில் ரிசர்வ் சைட் என்போம். அது சங்கத்துச் சொத்து கிடையாது. எழுத்தில் அனுமதி வாங்காமல் வேலி போட்டால் ஒருநாள் எடுக்கச் சொல்வார்கள்.

சரி, என் கதை. நான் பிறந்தது அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில். இருபது வயதுவரை மடை மாற்றியவன். பிறகு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக 27 வருஷம். அதனால் கூட்டத்தில் எரு ஏற்பாடு பற்றிப் பேச்சு வந்ததும், “அத நாம் பாத்துக்கறனுங்க” என்று முதல் ஆளாகக் கை தூக்கினேன். பல்லடத்தில் என் மச்சினன் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறான். ஒரு டாடா ஏஸ் நிறையக் கோழி எரு, இலவசம். வண்டி வாடகை மட்டும் 1,400 ரூபாய், என் கையிலிருந்து கொடுத்தேன். கொட்டகையில் கோழிக்கு அடியில் பரப்பியிருந்த தென்னை நார்க்கழிவும் எச்சமும் கலந்த எரு அது. கோழி பிடித்துப்போன மறுநாளே அள்ளியது. அவ்வளவு புதிது.

பதினாலு பாத்தி, ஒவ்வொன்றும் நாலடிக்குப் பத்தடி. எல்லாவற்றிலும் கனமாக இறைத்துக் கொத்திவிட்டோம். எதிர்வீட்டில் ஓர் ஆத்தா இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது, சத்தியமங்கலத்துப் பக்கம் பண்ணையம் பார்த்தவர். வேலியோரம் வந்து நின்றார்.

“ஏஞ்சாமி, கோழி எருவு சூடாச்சே. ஆறப்போடாம இப்பிடி எறைக்கறீங்களே.”

“நல்லாத் தண்ணி கட்டிருவமுங்க ஆத்தா. ஒண்ணும் ஆகாதுங்க.”

“என்னமோ பண்ணுங்க” என்று உள்ளே போய்விட்டார். அந்த ‘என்னமோ பண்ணுங்க’ இன்னும் காதில் இருக்கிறது.

பங்குனி முதல் வாரம் நடவு. குழித்தட்டு நாற்று 600: தக்காளி, கத்தரி, மிளகாய். மூன்றாம் நாள் இலை ஓரம் பழுத்தது. ஆறாம் நாள் சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டு நின்றன. கோழி எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம் ஈரத்தில் சிதைந்து அம்மோனியாவாக மாறும். இளம் வேர் அதைத் தாங்காது. மட்கும்போது கிளம்புகிற சூடு வேறு. தண்ணீர் கட்டினால் ஆறிவிடும் என்று நினைத்தேன், ஈரம்தான் அதைக் கிளப்பிவிட்டிருக்கிறது. இத்தனைக்கும் எங்கள் அப்பா குப்பைக்குழி எருவை ஆறு மாதம் தொடவே விடமாட்டார். தெரிந்துதான் இருந்தது. கூட்டத்தில் கை தூக்கிய வேகத்தில் மறந்துபோனது.

செடி போனதுகூடப் பரவாயில்லை. ஈ வந்தது. தோட்டத்துச் சுவரை ஒட்டிய வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கேசரித் தட்டை மூடி மூடித் திறந்தார்களாம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் நாற்றம். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள், ஆனால் எங்கள் தெருவில் கேட்டால் காரணம் நான். (அடுத்த தையிலேயே அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் முடிந்தது, எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன்.) அன்றிலிருந்து எனக்குக் கோழி அண்ணன் என்று பேர். சின்னப் பிள்ளைகளுக்கு என் சொந்தப் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

இதைப் படித்துவிட்டுக் கோழி எருவே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். மாட்டெருவை விடச் சத்து கூடுதல்தான், மட்க வைத்துப் போட்டவர்கள் நன்றாக எடுத்திருக்கிறார்கள். ‘பஞ்சகவ்யா தெளித்திருந்தால் பிழைத்திருக்கும்’ என்று ஒருவராவது பின்னூட்டம் போடுவார், அதுவும் தெரியும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவை நானும் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கிறவன்தான். வெந்துபோன வேருக்கு அது என்ன செய்யும்?

அந்த வாரக் கூட்டத்தில் திட்டு விழும் என்று தயாராகத்தான் போனேன். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். அப்புறம் பொருளாளர் அந்த 1,400 ரூபாய்க்கு ரசீது கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் டாடா ஏஸ் ஓட்டுகிற பையன் எங்கே போய் ரசீது போடுவான்? “ரசீது இல்லாம கணக்குல ஏத்த முடியாதுங்கண்ணா” என்றார். எனக்கு அந்த வார்த்தை ஆகாது. மில்லை மூடியபோது 27 வருஷத்துக் கிராஜுவிட்டிக்காக நான் ஏறி இறங்கிய படிக்கட்டு கொஞ்சமல்ல. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டி. எல்லாம் அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருந்தது. எனக்கு மனப்பாடம். ஆபீஸ் ஜன்னலில் சொன்னால், “ஒரு பேப்பர் கொறையுதுங்கண்ணா, அடுத்த வாரம் வாங்க.” அடுத்த வாரம் போனால் இன்னொரு பேப்பர். மூன்று தவணையாக வாங்கி முடிப்பதற்குள் இரண்டு வருஷம். வட்டி என்ற பேச்சே இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் கடைசித் தவணை வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இதற்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் ரசீது என்றதும் எனக்கு அந்த ஜன்னல்தான் தெரிந்தது. நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்காரி இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், “நீங்க கொட்டுன குப்பைய நீங்கதானுங்க அள்ளோணும்” என்றாள். அதற்குப் பதில் இல்லை. காலையில் நேரமாக மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மேல்மண்ணோடு எருவை வழித்து மூலையில் அம்பாரமாகக் குவித்தேன். ஒரு அடுக்கு எரு, ஒரு அடுக்கு வேப்பஞ்சருகு, லேசாக ஈரம், மேலே தென்னை ஓலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை புரட்டினேன். முதல் தடவை புரட்டியபோது ஆவி பறந்தது, கை வைக்க முடியவில்லை. ஈ ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது, சருகு போட்டு மூடியதுதான் காரணம். வெறுமையாகக் கிடந்த பாத்திகளில் நாலைந்து முறை தண்ணீர் கட்டி ஆறவிட்டு, சித்திரையில் பலதானியம் விதைத்தோம். சோளம், கம்பு, தட்டைப்பயறு, உளுந்து, எள்ளு, கொத்தமல்லி, சணப்பு என்று வீட்டில் இருந்ததும் கடையில் கிடைத்ததும். ஐம்பது நாள் வளரவிட்டுப் பூக்கும்போது மடக்கி மண்ணுக்கே உரமாகச் சேர்க்க வேண்டும். காய் இல்லை, படம் எடுக்க ஒன்றும் இல்லை, அதனால் ஆளும் இல்லை.

தண்ணீர்க் கணக்கைச் சொல்கிறேன். நாலடிக்குப் பத்தடி பாத்திக்குச் சித்திரையில் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர், அதாவது பத்து லிட்டர் பூவாளியில் இரண்டு நடை. பதினாலு பாத்திக்கு 28 நடை. காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் பொழுது சாயும் நேரத்தில். நாலு பேர் இருந்தால் ஆளுக்கு ஏழு நடை, அரை மணி நேர வேலை. ஒருவர் வராவிட்டால் அடுத்தவருக்கு இடுப்பு போகும். எங்கள் நாலு பேரில் ஒருவர் பொருளாளர். இரண்டு வாரம் ஒன்றுமே பேசாமல் ஆளுக்கொரு பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் அவர் பூவாளியின் மூக்கு உடைந்தது, நான் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒட்டவைத்துக் கொடுத்தேன். ஃபிட்டர் புத்தி.

வெயில் ஏறினால் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரியும். பார்த்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அவரைப் பிடித்து வையுங்கள். மெக்சிகோப் பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டது 2008-இல் நம் கோயமுத்தூரில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் படாத பாடு பட்டன. எத்தனையோ மருந்து அடித்தும் தீரவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்துவிட்ட கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவிதான் அடக்கியது. மருந்தடித்தால் அந்த மாதிரிக் குளவியும் சேர்ந்து சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், அதிகமான கிளையை வெட்டி எடுங்கள், மிஞ்சினால் வேப்பெண்ணெய்.

ஆடி பிறந்தபோது மூலையில் இருந்த எரு கருப்பாக, பொலபொலவென்று, மண்வாசனையோடு ஆகியிருந்தது. ஒரு கையில் அள்ளிக்கொண்டு போய் எதிர்வீட்டு ஆத்தாவிடம் காட்டினேன். மோந்து பார்த்தார். “இப்பப் போடுங்க சாமி” என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த ஆடிப்பட்டத்தில் போட்ட அவரை, தை வரைக்கும் காய்த்தது. பொரியலுக்கு அலுத்துப்போய் ஒருவருக்கொருவர் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு.

உங்களுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை, ஒரு தொப்பி போதும். மற்றதெல்லாம் சங்கத்தில் இருக்கும். முதல் நாளே ஆலோசனை சொல்லாதீர்கள், என்னைப் போலக் கை தூக்காதீர்கள். உங்கள் தெருவிலும் முன்பு பண்ணையம் பார்த்த பெரியவர் ஒருவர் இருப்பார், அவர் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

போன வாரம் பல்லடத்து மச்சினன் போன் செய்தான், இரண்டு லோடு இருக்கிறது, வண்டி அனுப்பட்டுமா என்று. ஆத்தாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பழைய 1,400 ரூபாயே இன்னும் வரவில்லை.