மகள் பிறந்த வருடத்து வைன்

கேள்வி: அண்ணா, என் மகள் 2013இல் பிறந்தவள். அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளில் திறப்பதற்கு அதே வருடத்து, பிரான்சின் பொர்தோ பகுதிச் சிவப்பு வைன் ஒன்று வாங்கி வைக்க ஆசை. கடையில் ‘கிரான் வன் த பொர்தோ’ (பொர்தோவின் உயர்ந்த வைன்) என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட போத்தல் ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா? எங்கே வைப்பது? எங்கள் வீடு நான்காம் மாடியில்.
– வாசகர், லா கூர்நெவ்

பதில்: வாங்காதீர்கள், தம்பி. அந்தப் பொன்னெழுத்து தரத்துக்குச் சான்று இல்லை. மிகச் சாதாரணமான போத்தலிலும் அதைப் பார்க்கலாம்.

பெரிய சிக்கல் வருடத்தில் இருக்கிறது. 2013இல் பொர்தோவில் வசந்தம் குளிரும் மழையுமாகப் போயிற்று. பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்தன. மெர்லோ வகைத் திராட்சைக் கொடிகளுக்கு அடி அதிகம். அறுவடை நேரத்து மழையில் பழமும் அழுகத் தொடங்கியது. அந்த வருடத்துச் சாதாரண வைன்களை இதற்குள் குடித்து முடித்திருக்க வேண்டும். மகள் 2010இலோ 2016இலோ பிறந்திருந்தால் பொர்தோவின் போயாக் ஊர்ப் பக்கத்து வைன் ஒன்றை யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

நீண்ட காலம் தாங்கும் சிவப்பு வைனுக்குத் துவர்ப்பும் புளிப்பும் வேண்டும். இளம் வைனைக் குடிக்கும்போது பாக்கு மென்றது போல நாக்கைப் பிடித்து இழுக்கிறதே, அந்தத் துவர்ப்புத்தான் வருடக்கணக்கில் மெல்லப் பதமாகிறது. 2013இல் அது ரோன் ஆற்றின் வடபகுதியில் நன்றாக அமைந்தது. ஆகவே அங்குள்ள கோர்னாஸ் என்ற ஊரின் வைனைத் தேடுங்கள். ஆற்றின் வலக்கரையில் செங்குத்தான கருங்கல் சரிவுகளில் விளைவது. சீரா திராட்சையைத் தவிர வேறெதுவும் சேர்க்க விதி இடம் தராது. எதிர்க்கரையில் சற்று வடக்கே இருக்கும் எர்மிட்டாஜ் இன்னும் பெரிய பெயர், விலையும் அப்படியே. பழைய போத்தல் என்பதால், மூடிக்கும் வைனுக்கும் இடையே இரண்டு விரற்கடைக்கு மேல் வெற்றிடம் இருந்தால் விட்டுவிடுங்கள். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை 2028இல் நீங்களே திறந்து பார்த்தால் மற்றது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

வைக்கும் இடத்தைப் பற்றி நான் பட்டே படித்தேன். பாரிஸ் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே உணவகத்தின் வைன் நிலவறைச் சாவி கைக்கு வந்த காலம் அது. முதலாளி தந்த ஆறு போத்தல்களை வீட்டுக் குசினியில், பிரிட்ஜுக்கு மேலே பெருமையாக அடுக்கி வைத்தேன். 2003 ஆகஸ்ட் வெயிலில் பாரிஸ் 40 டிகிரியை நெருங்கியது. தக்கைகள் வெளியே தள்ளி நின்றன. உள்ளே இருந்தது காய்ச்சிய பழப்பாகு போல மணத்தது. பிறருடைய வைனை 12 டிகிரியில் காப்பாற்றிய கை, தன்னுடையதை வேகவைத்துவிட்டது.

நான்காம் மாடி வேண்டாம். உங்கள் கட்டடத்தின் அடியில் ‘காவ்’ என்ற நிலவறை இருந்தால், மலிவான வெப்பமானி ஒன்றைக் கோடையில் இரண்டு வாரமும் குளிர்காலத்தில் இரண்டு வாரமும் அங்கே வைத்துப் பாருங்கள். 12, 13 டிகிரி உத்தமம். 15 காட்டினாலும் பயமில்லை, ஏறி இறங்கக் கூடாது. வெப்பக் குழாய் ஓடும் சுவர் ஆகாது. தக்கை காயாமல் இருக்கப் போத்தலைப் படுக்க வையுங்கள். ஈரத்தில் லேபிள் உரிந்தால் வைனுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் கருவாட்டுப் பெட்டியை மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய வைனின் அடியில் மண்டி கிடந்தது. கெட்டுவிட்டது என்று ஊற்றிவிட்டேன். சரியா?
– வாசகி, போபினி

பதில்: அநியாயம், தங்கச்சி! வயதான சிவப்பு வைனில் நிறமும் துவர்ப்பும் இறுகி அடியில் படிவது இயல்பு. அடுத்த முறை முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வையுங்கள். மண்டி தெரியும்படி கழுத்துக்குப் பின்னால் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திவிட்டு, வேறு பாத்திரத்தில் மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். மண்டி தோளுக்கு வந்ததும் நிறுத்துங்கள்.