வடசென்னையைச் சுற்றிப் பார்க்க நவம்பரில் வரலாமா?

கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வயதான தாயாருடன் நான்கு நாள் வடசென்னையில் தங்கி, காசிமேடு, திருவொற்றியூர், பாரிமுனைப் பக்கத்துப் பழைய தெருக்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; பார்த்த பயணக் குறிப்புகளில் எல்லாம் சென்னைக்கு ஏற்ற காலம் 'நவம்பர் முதல் பிப்ரவரி வரை' என்று இருக்கிறது; நவம்பருக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். பொங்கல் கூட்டம் ஊர் திரும்பி முடிந்த பிறகு, ஏறத்தாழ ஜனவரி 20 முதல் மார்ச் முதல் வாரம் வரைக்குள் ஒரு நான்கு நாளைத் தேர்ந்தெடுங்கள். தண்டையார்பேட்டையில் குடியிருப்பவன் என்ற முறையில், வெளியூர் உறவினர் எவர் கேட்டாலும் இதையேதான் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த அந்தக் குறிப்பு, நாட்டின் பெரும்பகுதிக்குப் பொருந்தும் கணக்கை எங்கள் ஊருக்கும் அப்படியே எழுதிவிட்டது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பரோடு விடைபெறும் ஊர்களில் நவம்பர் என்பது வெயிலும் மழையும் இல்லாத இதமான மாதம். சென்னையிலோ அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழையே தொடங்குகிறது. ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அவற்றிலும் நவம்பர்தான் உச்சம். சமீப காலத்தில் இந்நகரத்தை முடக்கிய மழை, புயல்களின் தேதிகளை வரிசையாகப் பாருங்கள்: 2015 டிசம்பர் 1 பெருவெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2021 நவம்பர் 7 அதிகாலைப் பெருமழை, 2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயல். எல்லாமே நவம்பர் தொடக்கத்துக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டவை. அந்த ஐந்தாறு வாரங்களைச் சுற்றுலாவுக்குச் சிறந்த காலம் என்று எழுதியவர் இங்கே ஒரு கார்த்திகை மாதத்தைக் கழித்திருக்க மாட்டார்.

மழைக்காலம் என்றால் நாள் முழுவதும் விடாமல் பெய்யும் என்று எண்ண வேண்டாம். வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகி நெருங்கும்போது இரண்டு மூன்று நாள் அடித்துப் பெய்யும். பிறகு சில நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும். இடர் என்னவென்றால், கடலோரமாக இருக்கும் எங்கள் பகுதியில் இப்பருவத்தின் மழை பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேலும் விடியற்காலையிலும் பெய்கிறது. நீங்கள் பார்க்க விரும்பும் காசிமேடு, விடியற்காலையில்தான் உயிரோடு இருக்கும் இடம். மீன் ஏலம் முடிந்து, வெயில் ஏறிய பிறகு போனால் ஈரத் தரையையும் காலிக் கூடைகளையும்தான் பார்க்க முடியும்.

தண்ணீர் தேங்குவதைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வடசென்னை கடல் மட்டத்தில் இருந்து அதிகம் உயராத சமதரை. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஆகியவைதான் இங்கே வடிகால்கள்; கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டால், தண்ணீர் வெளியேற வழியின்றி வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு ஆகிய பகுதிகளின் தெருக்களிலேயே நின்றுவிடுகிறது. சுரங்கப் பாதைகள் மூழ்கினால், கால் மணி நேரப் பயணத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கோவையில் இருந்து வருபவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறினால், சென்ட்ரல் வர வேண்டிய விரைவு ரயில்களை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். மூட்டை முடிச்சுகளோடும் முதியவரோடும் ஆவடியிலோ பெரம்பூரிலோ இறங்கி ஆட்டோ தேடுவது சுற்றுலாவுக்கு நல்ல தொடக்கம் அன்று.

கடல் நிலவரமும் இதோடு சேர்ந்ததுதான். புயல் சின்னம் உருவாகித் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகுகள் கரையில் கட்டியபடி நிற்கும். ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை கடற்கரைச் சாலையை ஒட்டிக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மீது அலை ஏறி அடிக்கும் காலமும் இதுவே. (சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் வடக்கே போக வேண்டிய மணலைத் தடுத்ததால் மெரினா அகன்றது, எங்கள் கரை அரிக்கப்பட்டது, ஆகவே இங்கே மணலில் உட்கார்ந்து கடலை ரசிக்கும் எண்ணத்தோடு எந்த மாதத்திலும் வர வேண்டாம்.)

கோடை இதைவிட மோசம் என்பேன். வெயிலை நீங்கள் எதிர்பார்த்தே வருவீர்கள். அத்துடன் கடலோரத்துப் புழுக்கமும் சேர்ந்தால் வயதானவர்களால் தாங்க முடியாது. வழக்கமாக நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கும் கடல்காற்றுதான் எங்களைக் காப்பாற்றுவது. மே இறுதியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று வலுத்துக் கடல்காற்றை உள்ளே வரவிடாமல் தள்ளும் நாள்களில், மாலை வரை அனல்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவானது. போதாக்குறைக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது சிறிய படகுகள் கொண்டுவருவது மட்டுமே கிடைக்கும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமல் நகர்ந்துவிடுவோம்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை நான் இரண்டாம் இடத்தில் வைப்பேன். இதை ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் பெய்கிறது. ஆனால் அது மேற்கே திரண்டு மாலையிலோ இரவிலோ இடியோடு வந்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் மழை. காலை முழுவதும் உங்கள் கையில் இருக்கும். தடைக்காலம் முடிந்திருப்பதால் காசிமேட்டில் சங்கரா, வவ்வால், நண்டு, இறால் என்று வரத்து நிறைந்திருக்கும். பகல் வெப்பம் மட்டும் குறையாது. உடன் வருபவர் இளையவராக இருந்தால் தயங்காமல் இக்காலத்தைப் பரிந்துரைப்பேன்.

மழையைப் பொருட்படுத்தாமல் கார்த்திகையில் வருவதற்கு ஒரே ஒரு காரணத்தை நான் ஏற்றுக்கொள்வேன். திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் ஆதிபுரீசுவரரின் திருமேனியை மூடியிருக்கும் கவசத்தை, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்கள் மட்டுமே நீக்குகிறார்கள். மற்ற நாள்களில் கவசத்தோடுதான் தரிசனம். அந்தக் காட்சிக்காகவே உங்கள் தாயார் வர விரும்பினால், குடையோடும் நெடிய வரிசைக்கு ஆயத்தமான மனத்தோடும் வாருங்கள். மற்றபடி, அதே கோயிலின் மாசிப் பெருவிழா பெரும்பாலான ஆண்டுகளில் நான் சொல்லும் காலத்துக்குள்ளேயே வருகிறது. சுந்தரருக்கும் சங்கிலியாருக்கும் நடந்த திருமணத்தை நினைவுகூரும் மகிழடி சேவையும் தேரோட்டமும் அப்போதுதான். அருகிலேயே பட்டினத்தார் சமாதி இருக்கிறது.

தை, மாசியில் அதிகாலை வெப்பம் 21, 22 பாகை அளவிலும், பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியும் இருக்கும், மழை அரிது. பாரிமுனைப் பக்கத்தை நடந்துதான் பார்க்க வேண்டும் என்பதால் இந்த வெப்பநிலை முக்கியமானது. தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம், அங்கிருந்து கந்தகோட்டம் என்று ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். ராயபுரத்தில் 1856இல் திறக்கப்பட்ட ரயில் நிலையக் கட்டடத்தையும் விட்டுவிடாதீர்கள். மாலையில் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும் விற்கும் தள்ளுவண்டிகள் நிற்கும். மழை வலுக்கும் நாள்களில் அவர்கள் கடை போடுவதில்லை. நேரம் மிஞ்சினால், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சென்று பூநாரைகளைப் பார்க்கலாம். அவை நவம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும்.

போகியன்று மட்டும் வராதீர்கள். பழையன எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் கலந்து, விடியலில் எதிரே வருபவர் முகம்கூடத் தெரியாது. 2018இல் விமானங்களே தடுமாறின. ஜனவரி முதல் இரண்டு வாரங்களில் பருவமழையின் வால் சில ஆண்டுகளில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. காசிமேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து வேலை நாளில் போங்கள்; ஞாயிறன்று நகரம் முழுவதும் அங்கேதான் மீன் வாங்க நிற்கும்.

ஏற்கெனவே நவம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, மாற்ற முடியாத நிலையில் இருந்தால், விம்கோ நகர் வரை செல்லும் மெட்ரோ பாதையின் நிலையம் ஒன்றுக்கு நடந்து செல்லும் தொலைவில் அறை எடுங்கள். சாலையில் தண்ணீர் நிற்கும்போதும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். சென்ட்ரலில் இறங்கியதும் அதிலேயே வந்துவிடலாம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சென்னைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால், கட்டணம் போனாலும் போகட்டும் என்று டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.