பயிற்சியில் தாண்டுகிறாள், போட்டியில் ஃபவுல் ஆகிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

உங்கள் கடிதத்தைப் படித்தேன், அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் மகள் நீளம் தாண்டுதல் பயிற்சியில் தினமும் நன்றாகத் தாண்டுகிறாள், மாவட்டப் போட்டியிலோ மூன்று தாவலும் ஃபவுல், அதாவது தாவும் பலகையின் எல்லையைக் கால் மீறியதால் கணக்கில் வரவில்லை. "இவளுக்கு மனத் தைரியம் போதாது, நிறுத்திவிட்டு நீட் கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது நிறுத்தாதீர்கள். படிப்பா விளையாட்டா என்று யோசிப்பதில் தப்பில்லை, ஆனால் தோற்ற சூட்டோடு அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

நீளம் தாண்டுதலில் முதலில் கிடைப்பது மூன்று வாய்ப்புகள். பெரிய போட்டிகளில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தால்தான் மேலும் மூன்று. முதல் தாவல் ஃபவுல் ஆனதுமே ஓடும்போது கண் பலகையைத் தேட ஆரம்பிக்கும். கண் கீழே இறங்கினால் காலடியின் நீளம் மாறும், அடுத்ததும் ஃபவுல். இதைத் தைரியக் குறைவு என்று சொல்லாதீர்கள். காலுக்குக் கொடுத்த பயிற்சியைக் கவனத்துக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை நினைத்துப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எடையைத் தோள்வரை தூக்கிப் பிறகு தலைக்கு மேல் உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவருடைய மூன்று முயற்சிகளும் தோல்வி. மனம் உடைந்துபோய் உளவியல் நிபுணரின் உதவியை நாடினார். 2017-ல் உலக சாம்பியன், டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி.

உங்கள் மகளுக்கும் அப்படியொரு விளையாட்டு உளவியல் நிபுணர், அதாவது மனப் பயிற்சியாளர், உதவ முடியும். அவர் செய்வது மேடைப் பேச்சு அல்ல. ஓட ஆரம்பிக்கும் குறியில் நிற்பதிலிருந்து ஓர் ஒழுங்கை அமைத்துத் தருவார். மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விட வேண்டும். மனதுக்குள் "நிமிர்ந்து ஓடு" என்பது போல ஒரே ஒரு சிறு கட்டளை. பார்வை பலகையில் இல்லாமல் மணல்குழிக்கு அப்பால். ஃபவுல் ஆன பிறகு திரும்பி நடக்கும்போது என்ன யோசிப்பது என்பதுகூடப் பயிற்சிதான். இரவில் கண்ணை மூடி முழுத் தாவலையும் நிஜ வேகத்தில் மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார். இதெல்லாம் ஒரு வாரத்தில் வராது, சில மாதங்கள் ஆகும்.

அப்படி ஒருவரைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? "ஓடுகிற பெண்ணுக்கு நின்றுபோவது சகஜம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேவைக்குக் குறைவாகச் சாப்பிடுவதன் அடையாளமாக அது இருக்கலாம், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ரத்தசோகைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். உடம்பில் சத்தில்லாமல் சோர்ந்து நிற்பவளிடம் மனதைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்வது நியாயமில்லை. எடையைப் பற்றி, உடையைப் பற்றி மைதானத்தில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்றும் தனியாக, அவசரமில்லாமல் கேளுங்கள். பெண் பிள்ளைகள் பலர் இதை வீட்டில் சொல்வதே இல்லை.

விளையாட்டு உளவியலில் முதுநிலைப் படிப்பும், வளரும் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவமும் இருப்பவரைத் தேடுங்கள். "பதக்கம் உறுதி" என்பவர் வேண்டாம். சந்திப்பு நாலு பேர் பார்க்கக்கூடிய இடத்தில் நடக்கட்டும். அவள் அங்கே பேசியதை உங்களிடம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், அவளுடைய பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை மட்டும் அவரே உங்களிடம் சொல்ல வேண்டும். தூக்கமின்மை, சாப்பாட்டை ஒதுக்குவது, எதிலும் விருப்பமில்லாமை நீடித்தால் மனப் பயிற்சியாளர் போதாது, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எதிர்காலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, அதனால் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். நீட்டை ஒரேயடியாக விட வேண்டியதும் இல்லை, இந்த சீசன் முடியட்டும், அவளையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுக்கலாம்.

அதுவரை உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த போட்டி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை மீட்டர் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், மற்றதை அவளே சொல்லட்டும்.