1917 லூகர் பி.08: வாங்கும் முன் இதைப் பாருங்கள்

நண்பரே, இந்தப் பழைய ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கியை விற்பவர் "எல்லா எண்ணும் பொருந்தும்" (எல்லாப் பாகமும் ஒரே வரிசை எண் கொண்டவை) என்று சொல்லி 2,800 டாலர் கேட்கிறார் என்றால் அவரே கழற்றிக் காட்டட்டும். முதலில் மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுத்துவிட்டு, டாகிளை (மேலே மடங்கித் திறக்கும் இணைப்பை) பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று பார்த்துவிடுங்கள்.

ராணுவத் துப்பாக்கியில் முழு எண் சட்டத்தின் (பிடியோடு சேர்ந்த அடிப்பகுதியின்) முன்பக்கத்திலும் பேரலிலும் (குழலிலும்) இருக்கும். எண்ணுக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தும் எண்ணில் சேர்ந்ததுதான். அதை விட்டுவிட்டு ஒப்பிடாதீர்கள். டிரிகர், பக்கத் தகடு, டாகிள் துண்டுகளில் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஃபயரிங் பின்னையும் (தோட்டாவை அடிக்கும் ஊசியையும்) மறக்க வேண்டாம், அடிக்கடி மாற்றப்படும் பாகம் அது.

அடுத்து நிறம். 1917-ல் டி.டபிள்யூ.எம். என்ற ஜெர்மன் நிறுவனம் செய்தது என்றால் டிரிகர், சேஃப்டி லிவர், மேகசின் பட்டன் மூன்றும் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். அவையும் கருநீலமாக இருந்தால் மொத்தமாக முக்கியெடுத்து மறுபூச்சு போட்டிருக்கிறார்கள். அதோடு சட்டத்தில் எக்ஸ் குறியும் இருந்தால் சோவியத் படை கைப்பற்றிப் புதுப்பித்தது. சுடுவதற்கு நல்லதுதான், சேகரிப்பாளர் விலை கிடைக்காது.

மேகசின் அடிப்பாகம் மரமா, அதில் அதே எண் இருக்கிறதா? இருந்தால் தாராளமாகக் கூடுதலாகக் கொடுக்கலாம். மறுபூச்சு என்றால் பாதி விலைக்குமேல் போகாதீர்கள். பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பொறித்த எண், முத்திரைகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் அது பாலிஷ் போட்டது.