மருந்துக்கடை வேலையை நம்பி 6 வருடப் படிப்பா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் 17 வருடமாக ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனத்தின் கிளையில் மருந்தாளுநர். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர் இருந்த கிளையில் இப்போது அவர் ஒருவர்தான். கூட இருந்தவரை நான்கு கிளைகளுக்குச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அடுத்தது தானோ என்று அவருக்குத் தூக்கமில்லை. இந்த நேரம் பார்த்து மகள், "நானும் ஃபார்மசிதான் படிப்பேன்" என்று நிற்கிறாள். பெரியப்பாவோ, "படிப்பதுதான் படிக்கிறாள், ஃபார்ம்.டி என்ற 6 வருடப் படிப்பில் சேர்த்துவிடு, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், எதுவும் அமையாவிட்டால் மருந்துக்கடை இருக்கவே இருக்கிறது" என்கிறார். கடன் படிவத்தில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மருந்துக்கடை வேலை நிலைக்குமா என்று கேட்கிறீர்கள்.

மருந்துக்கடை அழியாது. நோய் இருக்கும்வரை மருந்து வாங்க ஓர் இடம் வேண்டும், அந்த அளவுக்கு நிம்மதியாக இருங்கள். ஆனால் அந்த இடத்தில் எத்தனை பேருக்குச் சம்பளம் கிடைக்கும் என்று கேட்டால், ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மருந்துக்கடையில் பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று அநேகமாக எல்லா நாட்டுச் சட்டமும் சொல்கிறது. இதைத்தான் குடும்பங்கள் வேலைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. ஒருவர் வேண்டும் என்று சொல்லும் சட்டம், பெரும்பாலும் இரண்டாவது ஆளைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்த ஒருவர் உங்கள் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் அது சொல்லவில்லை.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்பதும் இப்போது செல்லாது. அமெரிக்காவில் சிவிஎஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் மூன்று வருடத்தில் 900 கடைகளை மூடப்போவதாக 2021 நவம்பரில் அறிவித்தது. அதே தொழிலில் இருக்கும் வால்கிரீன்ஸ் 2024 அக்டோபரில் சொன்ன எண்ணிக்கை 1,200. 1962-ல் தொடங்கிய ரைட் எய்ட், 2023-லும் 2025-லும் திவால் மனு கொடுத்து, 2025 அக்டோபரில் மிச்சமிருந்த கடைகளையும் மூடிவிட்டது.

காரணம் எளிது. ஒரு மருந்தை விற்றால் கடைக்கு எவ்வளவு நிற்கும் என்பதைப் பல இடங்களில் காப்பீட்டு நிறுவனமோ அரசோதான் முடிவு செய்கிறது. வாடகை, மின்சாரம் எதிலும் கை வைக்க முடியாது. மிச்சம் இருப்பது ஆட்களின் மணி நேரம்தான். எடுத்த உடனே வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விடுவார்கள். ஷிஃப்டைச் சுருக்குவார்கள். மாதாமாதம் வாங்கும் மருந்துகளை ஒரு மைய இடத்தில் இயந்திரம் எண்ணிப் பொட்டலம் போட்டுக் கிளைக்கு அனுப்பிவிடும். சரிபார்க்கும் வேலையில் ஒரு பகுதி உதவியாளர் கைக்குப் போகும். மீதமிருக்கும் ஒற்றை மருந்தாளுநர் மருந்துச் சீட்டும் பார்க்க வேண்டும், சில நாடுகளில் தடுப்பூசியும் போட வேண்டும், ஃபோனும் எடுக்க வேண்டும். 2023 செப்டம்பரில் கேன்சஸ் சிட்டி பகுதியில் சிவிஎஸ் மருந்தாளுநர்கள் வேலைக்கு வராமல் நின்றார்களே, அவர்களுடைய முக்கியமான புகார் ஆள் போதவில்லை என்பதுதான். வேலை குறையாமல் ஆள் மட்டும் குறைந்தால், களைப்பில் கை தவறும். உங்கள் கணவரின் தூக்கமின்மைக்கு இந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இப்போது பெரியப்பாவின் யோசனைக்கு வருகிறேன். ஃபார்ம்.டி நல்ல படிப்பு. நோயாளியின் படுக்கையருகே நின்று, டாக்டரோடு பேசி, மருந்தின் அளவை முடிவு செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு அது பொருந்தும். ஆனால் அது முடிய பல நாடுகளில் 5, 6 வருடம் ஆகிறது. 4 வருடப் பட்டத்துக்கும் இதற்கும் ஒரே பதிவு தரும் இடங்களில், கவுன்டருக்குப் பின்னால் இரண்டு பேரும் பார்ப்பது ஒரே வேலை. கூடுதல் வருடங்களுக்குக் கடைக்காரர் தனியாக எதுவும் தரப்போவதில்லை. "அமையாவிட்டால் கடை இருக்கிறது" என்று மாற்று வழியாகக் காட்டப்படும் அந்தக் கடைதான் உங்கள் வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. பெயருக்கு முன்னால் வரும் ஒரு சொல்லுக்காக இரண்டு வருடக் கட்டணத்தையும், அந்த இரண்டு வருடத்தில் வந்திருக்கக்கூடிய சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

கடன் விஷயத்தில் நான் இளகுவதில்லை. மொத்தக் கடன், அந்தக் கல்லூரியில் படித்து முடித்தவர்கள் முதல் வருடத்தில் வாங்கும் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. எந்தச் சம்பளம் என்பது முக்கியம். விளம்பரப் பலகையில் முதல் மாணவருக்குப் போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். வகுப்பின் நடுவில் இருந்த மாணவர் எவ்வளவு வாங்குகிறார் என்று பழைய மாணவர்கள் நான்கைந்து பேரிடம் நேரில் கேளுங்கள். உங்கள் கணவரின் வேலை ஆட்டம் காணும் இந்த வருடத்தில், அவர் சம்பளத்தை நம்பி வீட்டை அடமானம் வைப்பதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

சரி, மகளைப் பார்ப்போம். நீங்கள் குறையாக எழுதிய ஒரு பத்தியில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. பாட்டிக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிய பிறகு வறட்டு இருமல் வந்திருக்கிறது. எல்லோரும் தூசி என்று விட்டுவிட்டீர்கள். அவள் மட்டும் மாத்திரை மாற்றிய தேதி, இருமல் தொடங்கிய தேதி, இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் வேறு மாத்திரை கொடுத்ததும் சில வாரங்களில் இருமல் நின்றுவிட்டது. எனலாப்ரில், ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மருந்துகளுக்கு வறட்டு இருமல் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. ஆனால் அவளுக்கு அது யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. அதே பெண் அப்பாவின் கடையில் இரண்டு நாள் நின்றுவிட்டு, "இத்தனை பேரிடம் என்னால் பேச முடியவில்லை" என்று வந்து படுத்துக்கொண்டாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "நோட்டு எழுத நேரமிருக்கிறது, பாடம் படிக்க இல்லை" என்று அவளைத் திட்டியிருக்கிறீர்கள். அம்மா, அந்த நோட்டுதான் பாடம்.

ஃபார்மசி படித்தவருக்குக் கடையை விட்டால் மருத்துவமனை, விற்பனைப் பிரதிநிதி, ஆசிரியர் வேலை, வெளிநாடு என்ற வழிகளை யாரும் சொல்வார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல விரும்புவது ஃபார்மகோவிஜிலன்ஸ், அதாவது மருந்து சந்தைக்கு வந்த பிறகும் அது மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்று கண்காணிக்கும் வேலை.

இந்தத் துறை ஒரு பெரும் துயரத்தில் பிறந்தது. தாலிடோமைடு என்ற மருந்து 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்ற இரண்டு டாக்டர்கள் தாய்மார்கள் எடுத்த மருந்தையும் பிறந்த குழந்தைகளையும் பொருத்திப் பார்த்து எச்சரித்தார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10,000-க்கும் மேல். அதன் பிறகு 1968-ல் உலக சுகாதார நிறுவனம் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் திட்டத்தை 10 நாடுகளோடு தொடங்கியது. 1978 முதல் அதன் மையம் ஸ்வீடனின் உப்சாலாவில் இயங்குகிறது. அங்குள்ள தகவல் தொகுப்பில் இன்று 3 கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகள் இருக்கின்றன.

வேலை எப்படி நடக்கும்? ஒரு நோயாளியோ டாக்டரோ மருந்து நிறுவனத்துக்குப் புகார் அனுப்புகிறார். அதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள்: அடையாளம் காணக்கூடிய நோயாளி, தகவல் தந்தவர், சந்தேகப்படும் மருந்து, நடந்த பாதிப்பு. அப்புறம் அதே புகார் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேட வேண்டும். நோயாளி சொன்னதை மெட்ரா (MedDRA) என்ற சர்வதேசச் சொற்தொகுப்பின்படி குறியிட வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. நம் ஆட்கள் "மயக்கமா இருந்துச்சு" என்பார்கள். தலை சுற்றியதா, நினைவு தப்பி விழுந்தாரா, தூக்கக் கலக்கமா? மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. அதைத் திரும்பக் கேட்டுத் தெளிவுபடுத்தாவிட்டால் அறிக்கையே தப்பாகிவிடும். பிறகு மருந்தை நிறுத்தியதும் பாதிப்பு நின்றதா, வேறு மருந்து ஏதாவது எடுத்தாரா என்று பார்த்து, நடந்ததைத் தேதி வரிசையில் கதை போல எழுதுவார்கள். மருந்துதான் காரணமா என்று மதிப்பிட 1981-ல் வெளியான நரான்ஹோ அளவுகோல் இருக்கிறது, அதில் 10 கேள்விகள். பல நாடுகளில், தீவிரமான, எதிர்பாராத பாதிப்பு என்றால் 15 நாளுக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தனித்தனிப் புகார்கள் சேர்ந்து ஒரு போக்கு தெரிந்தால், மருந்தின் உறையில் எச்சரிக்கை ஏறும். சில சமயம் மருந்தே சந்தையை விட்டுப் போகும்.

பாட்டியின் இருமலை உங்கள் மகள் எழுதிய முறையும் இதுதானே?

வேலைப் பாதுகாப்பையும் பார்ப்போம். கடையில் சட்டம் கேட்பது ஓர் ஆளை. இங்கே வந்த ஒவ்வொரு புகாருக்கும் சட்டம் கணக்குக் கேட்கிறது. மருந்து விற்பனையில் இருக்கும்வரை இந்தக் கடமையிலிருந்து நிறுவனம் நழுவ முடியாது.

இதிலும் குறைகள் உண்டு. நாள் முழுக்கத் திரையைப் பார்க்க வேண்டும், கெடு நெருக்கும். நிறுவனங்கள் இந்த வேலையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றுகின்றன. புகாரைப் பதிவேற்றும் தொடக்க நிலை வேலையை மென்பொருள் மெல்ல எடுத்துக்கொள்கிறது. அதனால் தரவு ஏற்றுவதிலேயே தேங்கிவிடாமல் மருத்துவ மதிப்பீடு, அபாய மேலாண்மை என்று மேலே நகர வேண்டும். அதற்கு மருந்தியலும் தெளிவான எழுத்தும் வேண்டும். 4 வருட ஃபார்மசி பட்டத்தை ஒழுங்காகப் படித்தால் தொடங்குவதற்குப் போதும். "3 மாதச் சான்றிதழ், வேலை உறுதி" என்று பணம் கேட்பவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் மென்பொருளைத் தாங்களே சொல்லித் தருவார்கள்.

பெரியப்பாவிடம் கோபப்பட வேண்டாம். "கடனில் நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்களா அண்ணா?" என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் யோசனை அதோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கடன் படிவத்தை இப்போதைக்கு மேசைக்குள் வையுங்கள். பாட்டியின் இருமலை மகள் ஒரு பக்கத்துக்குள் எழுதட்டும்: எந்த மருந்து, என்ன அளவு, எந்தத் தேதி, கூட என்னென்ன மாத்திரை, நிறுத்தியபின் என்ன ஆனது. நீங்கள் திருத்த வேண்டாம், அப்பாவும் வேண்டாம். அவள் எழுதியபடியே எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அவளிடம் நேரடியாகப் பேசுகிறேன்.